ஒளிந்து எடுப்பதல்ல கேண்டிட் புகைப்படம்

உறவினரோ நண்பர்களோ கூடிய ஒரு நாளின் படங்களைப் பிறகு புரட்டிப் பாருங்கள். வரிசையாக நின்று, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டு, ஒரே அளவில் சிரிக்கும் முகங்கள்தான் பெரும்பகுதி. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு படம் இருக்கும். யாரோ எதையோ கேட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் அவர் தோளைப் பிடித்திருப்பார். வந்தவர்கள் எல்லோரும் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

அதைத்தான் கேண்டிட் புகைப்படம் என்கிறோம். ஆனால் இந்தச் சொல் இப்போது மிகத் தாராளமாகப் புழங்குகிறது. "அந்தப் பக்கம் பார்த்துச் சிரியுங்கள், கேண்டிட்டாக ஒன்று எடுக்கிறேன்" என்று சொல்லி எடுப்பதையும் கேண்டிட் என்கிறார்கள். தெரியாமல் பதுங்கி எடுத்த மங்கலான படத்தையும் அப்படியே சொல்கிறார்கள். முன்னது நடிப்பு, பின்னது வேவு. இரண்டையும் ஒதுக்கி வைத்தால்தான் இந்தக் கலையைக் கற்கத் தொடங்க முடியும்.

சொல் எங்கிருந்து வந்தது

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஒளிவுமறைவற்ற, உள்ளது உள்ளபடியான என்று பொருள். வெண்மையைக் குறிக்கும் லத்தீன் சொல் அதன் வேர். ஒளித்தல் என்ற கருத்துக்கு நேர் எதிரான சொல் அது.

புகைப்பட உலகில் இது பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் எரிக் சாலமன். 1920களின் இறுதிவரை அறைக்குள் படம் எடுப்பது பெரிய வேலை. முக்காலி வேண்டும், வெடித்துப் புகை கிளப்பும் மக்னீசியத் தூள் வேண்டும். அந்த வெடிப்புக்கு முன்னால் இயல்பாக இருப்பவர் யார்? சாலமன் கையாண்ட எர்மனாக்ஸ் கேமரா சிறியது. அதன் லென்ஸ் அக்காலத்துக்கு வியப்பூட்டும் அளவு வெளிச்சத்தை உள்ளே விட்டது. அதைக் கொண்டு அரசியல் தலைவர்களின் கூட்டங்களில் செயற்கை ஒளி இல்லாமலே படம் எடுத்தார்.

படமெடுக்கத் தடை இருந்த நீதிமன்றத்தில் அவர் கேமராவைத் தொப்பிக்குள் மறைத்துக் கொண்டுபோனதும் உண்டு. ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று வேறு கதை சொல்கிறது. 1931இல் பாரிஸில் எடுத்தது அது. பிரெஞ்சு அரசியல் தலைவர் அரிஸ்டீட் பிரியான் நேராகக் கேமராவை நோக்கிக் கை நீட்டி, "இதோ வந்துவிட்டார்" என்று குறும்பாகச் சுட்டிக்காட்டுகிறார். சாலமன் அங்கே இருப்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவர்கள் விறைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே நமக்கான விளக்கம் இது: படத்தில் இருப்பவர் படத்துக்காகத் தன் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளாத கணமே கேண்டிட். நீங்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரிந்திருப்பதே நல்லது. அவர் கவனம் மட்டும் வேறெங்கோ இருக்க வேண்டும்.

கேமராவைக் கண்டதும் முகம் ஏன் மாறுகிறது

யாரும் இல்லாத இடத்தில் நடக்கும்போது நடையைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. நூறு பேர் பார்க்க மேடை ஏறும்போது அதே கால்கள் அந்நியமாகிவிடுகின்றன. தானாக நடக்கும் செயலில் கவனம் புகுந்தவுடன் அது தடுமாறுகிறது. முகத்துக்கும் இதேதான் நேர்கிறது.

இதற்கு உடலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன் 1862இல் வெளியிட்ட ஆய்வில் சிரிப்பின் இரண்டு தசைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று உதட்டோரங்களை மேலே இழுப்பது. இதை நினைத்தவுடன் இயக்கலாம். மற்றொன்று கண்ணைச் சுற்றியிருப்பது. மகிழ்ச்சியில் அது தானாகச் சுருங்குகிறது. கன்னம் உயர்கிறது, கண் சிறுக்கிறது, ஓரங்களில் சுருக்கம் விழுகிறது. சொன்னவுடன் இதை வரவழைப்பது பெரும்பாலோர்க்கு எளிதல்ல. அதனால்தான் "சிரியுங்கள்" என்றதும் வாய் சிரிக்கிறது, கண் சும்மா இருக்கிறது. காரணம் புரியாவிட்டாலும், பார்ப்பவர் எவருக்கும் அந்த வித்தியாசம் உடனே உறைக்கும்.

அப்படியானால் கேமராவின் மீதிருந்து கவனத்தை எடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ஒளிவதைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தூரத்தை இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸுடன் ஒரு மூலையில் நின்றேன். கிடைத்தவை முதுகுகளும், குறுக்கே வந்த தோள்களும், யாரோ ஒருவரின் பாதி முகமும்தான். நடுவில் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டார். அவர் பக்கத்திலிருந்தவரைத் தொட்டுக் காட்ட, அந்த வட்டம் முழுவதும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. அவர்கள் முகத்தில் இருந்த சங்கடம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு மூலையில் நின்று நான் படம் எடுத்ததில்லை.

வேறு வழி, கேமராவை அந்த அறையின் சாதாரணப் பொருளாக்கிவிடுவது. ஓடும் மின்விசிறியின் சத்தம் முதல் ஐந்து நிமிடம் கேட்கும், பிறகு காதில் விழாது. மாறாமல் தொடர்வதை மனம் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. பழகிப்போதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

அதற்கு, கூட்டம் சேரும் முன்பே போய்விட வேண்டும். முதல் நிமிடத்திலிருந்து கேமரா கையில் தெரிய வேண்டும். வருகிறவர்கள் நின்று சிரித்து ஒரு படம் கேட்டால் மனமார எடுத்துக்கொடுங்கள், திரையில் காட்டுங்கள். அந்த ஆவல் ஒருமுறை தீர்ந்துவிட்டால் அவர்கள் உங்களை விட்டுவிடுவார்கள். அதன் பிறகு படங்களைக் காட்டாதீர்கள். காட்டிய ஒவ்வொரு முறையும் "நான் எப்படித் தெரிகிறேன்" என்ற கேள்வி அவர்களுக்குள் மீண்டும் எழும். ஓடி ஓடி எடுக்காமல் ஒரு வட்டத்துடன் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள், பேச்சில் கலந்துகொள்ளுங்கள். பேசிக்கொண்டிருப்பவர் கேமராவைத் தூக்கினால் அது உரையாடலின் ஒரு பகுதி. எங்கிருந்தோ வந்தவர் தூக்கினால் அது குறுக்கீடு.

சுருங்கச் சொன்னால், கவனம் முகத்தைக் கெடுக்கிறது, பழக்கம் கவனத்தைக் கரைக்கிறது. கேமராவை எப்படி இயக்குவது என்ற பேச்சே இதுவரை வரவில்லை என்பதைப் பாருங்கள். பாதி வேலை அது இல்லாமலே முடிந்துவிடுகிறது.

கணம் வருவதற்கு முன்பே விரல் தயாராக வேண்டும்

ஒன்றைக் கண்டு உடல் அதற்கு எதிர்வினை செய்ய ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. கேமரா முகத்தைக் கண்டுபிடித்துத் தெளிவாக்க, அதாவது ஃபோகஸ் செய்ய, இன்னும் சிறிது நேரம். ஆக, சிரிப்பைக் கண்டு அழுத்தினால் சிரிப்பு போய்விட்டிருக்கும். பந்து பிடிப்பவர் பந்தைத் துரத்துவதில்லை, அது வரப்போகும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோகிறார். இங்கேயும் வேலை அதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், மனிதர்கள் முன்னறிவிப்புக் கொடுக்கிறார்கள். கதை சொல்பவர் முடிவுக்கு வரும்போது குரலைத் தாழ்த்தி முன்னால் சாய்வார். கேட்பவர்கள் அசையாமல் நிற்பார்கள், சிலர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். அதுதான் கேமராவை உயர்த்தும் நேரம். நெடுநாள் பிரிந்த ஒருவர் வாசலில் நுழையப் போகிறார் என்று தெரிந்தால், வாசலைப் பார்த்து நிற்காதீர்கள். காத்திருப்பவரின் முகம் தெரியும் பக்கம் போய் நில்லுங்கள்.

யாரை நோக்கி எடுப்பது? பேசுபவரைவிடக் கேட்பவரே பெரும்பாலும் நல்ல படம் தருகிறார். பேசுகிற வாய் எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்தக் கோணலில்தான் படத்தில் உறையும். கேட்கிற முகத்தில் மொத்த உணர்ச்சியும் அமைதியாகத் தங்கியிருக்கும். சாப்பிடுகிற வாயைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பலரும் தவறவிடுவது சிரிப்பின் இரண்டாவது அலையை. முதல் வெடிச்சிரிப்பு அடங்கியதும் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், கண்ணைத் துடைப்பார்கள், பக்கத்திலிருப்பவர் கையைத் தட்டுவார்கள். முதல் அலையில் நகைச்சுவை இருக்கிறது, இரண்டாவதில் உறவு இருக்கிறது. என்னிடம் நான் மிக நேசிக்கும் படங்களில் முக்கால்வாசி இரண்டாவது அலையில் கிடைத்தவை.

ஒருமுறை அழுத்தினால் விநாடிக்குப் பல படங்களைத் தொடர்ந்து எடுக்கும் வசதிக்கு பர்ஸ்ட் என்று பெயர். அது கணத்தை முன்னறிந்து சொல்லாது, அறிந்த கணத்துக்குள் சில மாற்றுகளைத் தரும். மூன்று நான்கு போதும். முக்கியமான பயன், மூடிய கண்களிலிருந்து தப்பிப்பது. மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். ஆட்கள் கூடக் கூட, யாராவது ஒருவர் இமைத்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் இதைக் கணக்கிட்டு, 2006இல் அதற்காக, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் பெற்றார்கள். அவர்கள் தந்த எளிய விதி: 20 பேருக்குக் குறைவான குழுவென்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை 3ஆல் வகுங்கள், மங்கலான வெளிச்சத்தில் 2ஆல் வகுங்கள். எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் ஒரு படம் கிடைக்க அத்தனை முறை எடுத்தால் போதும். 12 பேருக்கு 4 அல்லது 6 படங்கள்.

வெளிச்சம்: மூன்று அளவுகள்

விருந்துகளும் விழாக்களும் பெரும்பாலும் அறைக்குள், மாலையில் நடக்கின்றன. நம் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்வதால் அறை எவ்வளவு இருண்டிருக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. கேமராவுக்குத் தெரியும்.

மழையில் ஒரு பாத்திரத்தை வைத்து நீர் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் வெளியே வைக்கிறீர்கள், பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், இந்த இரண்டும்தான் நீரின் அளவைத் தீர்மானிக்கும். கேமராவில் ஒளி நுழையும் நேரத்துக்கு ஷட்டர் வேகம் என்று பெயர். ஒளி நுழையும் துளையின் அகலத்துக்கு அப்பர்ச்சர் என்று பெயர்.

ஷட்டர் வேகம் விநாடியின் பின்னமாகச் சொல்லப்படுகிறது. 1/60 விநாடி திறந்திருந்தால் வெளிச்சம் நிறைய வரும். ஆனால் அந்த நேரத்தில் பேசுபவர் கை அசைந்துவிடும், படத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல் இருக்கும். உட்கார்ந்து பேசுபவர்களுக்கு 1/125, கையை வீசிச் சிரிப்பவர்களுக்கு 1/250, ஆடுபவர்களுக்கும் ஓடும் குழந்தைகளுக்கும் 1/500 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

அப்பர்ச்சர் எண் தலைகீழாக இயங்கும். எண் சிறிதானால் துளை பெரிது. எஃப்/2 என்ற அளவு எஃப்/4ஐவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் துளை பெரிதாகும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைகிறது. அருகருகே உட்கார்ந்த இருவரில் ஒருவர் சற்றுப் பின்தள்ளி இருந்தாலும் ஒரு முகம் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் வரும். தனி முகத்துக்கு அது அழகு, நண்பர் கூட்டத்துக்கு இழப்பு.

நேரத்தையும் நீட்ட முடியாது, துளையையும் இனி விரிக்க முடியாது என்றால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. தொலைதூர நிலையத்தை வானொலியில் பிடித்து ஒலியைக் கூட்டினால் பாட்டும் கூடும், இரைச்சலும் கூடும். கிடைத்த ஒளியை அப்படிப் பெருக்கிக் காட்டும் அளவே ஐஎஸ்ஓ. 1600, 3200 என்று ஏற்ற ஏற்ற, படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். பலர் இதற்குப் பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்து, அசைந்து கலங்கிய படங்களோடு வீடு திரும்புகிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: புள்ளிகளை மன்னிக்கலாம், கலங்கிய முகத்தை மீட்கவே முடியாது. ஷட்டர் வேகத்தைக் குறைந்தது 1/125 என்று நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டுவிடுங்கள். பிறகு மனிதர்களை மட்டும் பாருங்கள்.

தொலைபேசியில் எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இருளில் எடுக்கும் இரவு வசதி, பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. அசையாத கட்டடத்துக்கு அது அருமை, அசையும் மனிதர்களை அது குழைத்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் லென்ஸை மென்மையான துணியால் துடையுங்கள். விரல் பிசுக்கு படிந்த லென்ஸில் ஒவ்வொரு விளக்கும் புகையாகப் பரவும்.

எங்கே நிற்பது

அளவுகளை மாற்றுவதைவிட நாற்காலியை மாற்றுவது அதிகப் பலன் தரும். சிறிய விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் இருப்பவர் இரண்டு மீட்டருக்குப் போனால் அவர்மேல் விழும் ஒளி பாதியாவதில்லை, கால்பங்காகிவிடுகிறது. எனவே அறைக்குள் நுழைந்ததும் எங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று பாருங்கள். பகலில் பெரும்பாலும் அது ஜன்னல் ஓரம். அங்கே உட்காருபவர்களுடன் போய் உட்காருங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். அவர்களுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும்.

கூரை விளக்கு நேர் மேலே இருந்தால் கண்குழிகளில் நிழல் தேங்கும். இதற்கு இயற்கையே ஒரு மருந்து வைத்திருக்கிறது. மனமார்ந்து சிரிப்பவர் தலையை நிமிர்த்துகிறார். அந்தக் கணத்தில் ஒளி நேராக முகத்தில் இறங்குகிறது, நிழல் மறைகிறது. காத்திருந்தால் நல்ல முகமும் நல்ல ஒளியும் சேர்ந்தே வரும்.

ஃபிளாஷ் விளக்கை நேராக முகத்தில் அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. லென்ஸுக்கு மிக அருகிலிருந்து கிளம்பும் அந்த ஒளி, இருட்டில் விரிந்த கண்மணி வழியாகப் போய் விழித்திரையின் இரத்த நாளங்களில் பட்டுத் திரும்புவதால்தான் கண் சிவப்பாக விழுகிறது. அதைவிடப் பெரிய சேதம், பழக்கத்தால் கரைந்துபோன கவனத்தை ஒரே மின்னலில் திரும்பக் கொண்டுவந்துவிடுவது. இருட்டு மிகுந்து வேறு வழியே இல்லையென்றால், தனி ஃபிளாஷை வெள்ளைக் கூரை நோக்கித் திருப்புங்கள். கூரை முழுவதும் விளக்காகி மென்மையாகப் பொழியும். கூரைக்கு வேறு நிறம் என்றால் முகத்திலும் அந்த நிறம் ஏறும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தொலைபேசியில் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் காரணம் நெருக்கம்தான். முகத்துக்கு 30 சென்டிமீட்டரில் நின்றால், காதைவிட மூக்குப் பல சென்டிமீட்டர் முன்னால் இருப்பது பெரிய வித்தியாசம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஒன்றரை, இரண்டு மீட்டரில் நின்று, இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். முகம் முகமாக இருக்கும்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே: ஒளி விழும் இடத்தில் நில்லுங்கள், கையெட்டும் தூரத்தைவிடச் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

அனுமதியும் அழிப்பதும்

அழைத்தவரிடம் படமெடுக்கப் போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது கை உயர்த்தி வேண்டாம் என்றால், சிரித்துக்கொண்டு கேமராவை இறக்குங்கள், அன்று முழுவதும் அவரை விட்டுவிடுங்கள். குழந்தைகளென்றால் பெற்றோரைக் கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தவர் பரப்பவும் சம்மதித்ததாக ஆகாது. அது தனிக் கேள்வி, தனியாகக் கேட்கப்பட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தேர்வு. 300 எடுத்திருந்தால் 30 வைத்துக்கொண்டாலே அதிகம். மென்று கொண்டிருக்கும் வாய், பாதி மூடிய கண், உடை விலகிய கணம், தனியே கலங்கி நின்றவரின் முகம், இவற்றை யாரும் பார்ப்பதற்கு முன் அழித்துவிடுகிறேன். அந்த மனிதர் நம்மை நம்பிக் கேமராவிலிருந்து கவனத்தை எடுத்துவிட்ட நேரத்தில் எடுத்தவை அவை.

ஒரே கணத்தின் இரண்டு படங்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாவிட்டால் இரண்டையும் அவருக்கே அனுப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் நான் விரும்பியதை அவர் விரும்புவதில்லை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறேன்.